அரை அங்குலம்

பசறைப் பக்கமிருந்து இறங்கி வரும் ரோடு, மொனராகலை டவுனைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சின்ன மேடு ஏறும். பதுளை மலைகளைத் தாண்டி வந்தவர்களுக்கு அது மேடே இல்லை. அந்த மேட்டில்தான் அந்த நீளச் சைக்கிள் நடைவேகத்தில் ஊர்ந்து வந்தது. இரண்டு சீட், இரண்டு ஹேண்டில், நாலு பெடல், சக்கரம் மட்டும் இரண்டு. முன்னால் ஐம்பதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரர், தேரில் ஏற்றி வைத்த சாமி கணக்காக ஆடாமல் உட்கார்ந்திருந்தார். கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பின்னால் அவர் மனைவி, முகமெல்லாம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். முன் ஹேண்டிலில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் எண்ணெய்க் கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது.

கடை வாசலில் றப்பர்த் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். காலையில் வெட்டிய பாலை நிறுத்துப் போட்டுவிட்டு, வெறும் வாளியோடு சீனி வாங்க வந்தவர்கள்.

"பாருடி, ஆம்பள சும்மா உக்காந்து வாறாரு. தொரசானிதான் மிதிக்கிறா."

"அதுல என்னாடி அதிசயம்?" என்றாள் மற்றவள்.

கடை என்றால் பாதி தேத்தண்ணிக் கடை, பாதி சைக்கிள் கடை. ஒரே தகரக் கூரை. இந்தப் பக்கம் பணிஸ், சாயத்தண்ணி, வெற்றிலை. அந்தப் பக்கம் கூரை மரத்தில் தொங்கும் டயர்கள், தண்ணீர்த் தொட்டி, ஆணியில் மாட்டிய பழைய செயின்கள். சைக்கிள் பக்கத்துக்காரரைச் சிங்களவர்கள் 'பாஸ்' என்பார்கள், தோட்டத்துச் சனம் 'அண்ணே' என்னும். எழுபதை நெருங்கியவர், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். அவருக்கு முன்னால் ஒருவருடைய சைக்கிள் தலைகீழாக நின்றது. டியூப் வெளியே எடுத்தபடி கிடந்தது. டியூபின் சொந்தக்காரர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நீளச் சைக்கிள் வந்து நின்றதும் தன் டியூபின் கதி என்ன என்பது அவருக்கு விளங்கிவிட்டது. இன்னொரு கிளாஸ் சொன்னார்.

வெள்ளைக்காரர் இறங்கியதும் பொலித்தீன் பையை நீட்டினார். பாஸ் அதை வாங்கவில்லை. குனிந்து முதலில் பிரேக் கட்டைகளைப் பார்த்தார். பிறகு ரிம்மில் விரலை வைத்து இழுத்தார். விரலில் கரி மாதிரிக் கறுப்பு ஏறியது. பேரனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சனிக்கிழமை, பையனுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அன்று முழுக்க அவன்தான் மொழிபெயர்ப்பு.

செயின் அறுந்தவனிடம் பிரேக்கைப் பார்ப்பது இந்த ஊர்ப் புத்தி. எல்ல - வெல்லவாய ரோட்டில் 2025 செப்டெம்பர் 4 இரவு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனார்கள். அதற்குப் பிறகு ஊவாவில் இறக்கம் என்றாலே வாயில் வரும் முதல் சொல் பிரேக்தான். இந்த வகைச் சைக்கிளுக்கு அந்தக் கவலை இன்னும் கூடுதல். பாரம் இரண்டு பேருடையது, காற்றுத் தடை கிட்டத்தட்ட ஒருவருடையது. அதனால் இறக்கத்தில் ஒற்றைச் சைக்கிளை விட வேகமாக ஓடும். அந்த வேகத்தை எல்லாம் கட்டை பிடித்து நிறுத்தினால் அது சூடாக மாறி ரிம்முக்குள் இறங்கும், டியூப் வெடிக்கும் அளவுக்கும் போகும். விபரம் தெரிந்தவர்கள் நீண்ட இறக்கத்தில் இடையிடையே நின்று ரிம்மை ஆறவிடுவார்கள். இவர்களும் அப்படித்தான் வந்திருக்கிறார்கள். இறக்கம் முழுக்கப் பத்திரமாக வந்து, எல்லாம் முடிந்த பிறகு சின்ன ஏற்றத்தில் மாட்டிக்கொண்டார்கள். இறக்கத்து கியரிலேயே இரண்டு பேரும் எழுந்து நின்று அழுத்தியிருக்கிறார்கள். பையன் ஆங்கிலத்தில் கேட்டு, தமிழில் சொன்னான்.

பாஸ் வலது பக்கம் போய்ச் செயினைப் பார்த்தார். அது நன்றாக இருந்தது, பின் சக்கரத்துக்கு ஒழுங்காகப் போனது. குழம்பிப்போய் நிமிர்ந்தார். வெள்ளைக்காரி அவர் கையைத் தொட்டு இடது பக்கம் காட்டினார். நம் ஊர்ச் சைக்கிளில் இடது பக்கம் செயின் ஏது? அங்கே முன் பெடலுக்கு ஒரு பல்சக்கரம், பின் பெடலுக்கு ஒரு பல்சக்கரம், இரண்டும் ஒரே அளவு. நடுவில் ஓட வேண்டிய செயின்தான் பைக்குள் கிடந்தது. முன்னால் இருப்பவரின் மிதி இந்த இடது செயின் வழியாகப் பின் பெடலுக்குப் போய், அங்கிருந்துதான் வலது செயினில் ஏறிச் சக்கரத்துக்குப் போகிறது. இது அறுந்தால் முன்னவரிடம் ஹேண்டில் மிச்சம், பலம் இல்லை. பின்னவரிடம் பலம் மிச்சம், ஹேண்டில் இல்லை. அவர் பிடித்திருப்பது அசையாத கம்பி, அதைத் திருப்பினாலும் ஒன்றும் நடக்காது. முன்னே இருப்பவரின் முதுகைத் தவிர அவருக்கு ரோடும் தெரியாது.

பையன் இதைச் சொன்னபோது சீனி வாங்க வந்தவள் கேட்டாள்: "அப்ப இவ்வளவு நேரமும் கண்ணு தெரியாமலா மிதிச்சாங்க?"

பையன் இதை மொழிபெயர்க்கவில்லை. புத்திசாலி.

பைச் செயினைச் சீமெந்துத் தரையில் நீளமாக விரித்தார் பாஸ். அறுந்தது ஒரே இடம்தான். ஆனால் அறுந்த நுனி பல்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே போய்ச் சிக்கி, நாலைந்து கண்ணிகளை முறுக்கிவிட்டிருந்தது. வெள்ளைக்காரரிடம் கையடக்கச் செயின் கருவி இருந்தது, ஒட்டுக் கண்ணியும் ஒன்று இருந்தது. முறுகியதை வெட்டிவிட்டு ஒட்டினால் செயின் கட்டையாகிவிடும். முன் பெடல் அச்சைக் கொஞ்சம் முன்பின் நகர்த்த வழி உண்டு, அது ஒரு கண்ணி வித்தியாசத்துக்குத்தான் சரிவரும். அதனால்தான் அவர் முகம் வாடியிருந்தது. கொழும்பில் சாமான் எடுக்க வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று பையனிடம் கேட்டார்.

பாஸ் ஆணியில் தொங்கியதில் ஒன்றை எடுத்து, தரையில் கிடந்ததன் பக்கத்தில் வைத்தார். கண்ணிக்குக் கண்ணி நேராக நின்றது.

இந்த இடத்தில் வெள்ளைக்காரர் குந்திவிட்டார். அவர் சைக்கிள் விலையில் இந்தக் கடையையே வாங்கலாம் என்பது என் கணக்கு. ஆனால் மொனராகலையில் கீரை விற்கப் போகிறவரின் சைக்கிளுக்கும் அந்தச் சைக்கிளுக்கும் பின்னுக்குப் பின் தூரம் ஒன்றுதான், அரை அங்குலம். ஹான்ஸ் ரெனோல்ட் 1880இல் மன்செஸ்டரில் உருளைச் செயினைக் கண்டுபிடித்தார். அரை அங்குல அளவு பிற்பாடு வழக்கத்துக்கு வந்தது, வந்ததிலிருந்து உலகம் அதை மாற்றவில்லை. அகலம்தான் வேறு. நம் சைக்கிளுக்கு உள்ளகலம் ஒன்றின் கீழ் எட்டு அங்குலம், கியர்ச் சைக்கிளுக்கு அதைவிட ஒல்லி. வலது பக்கத்தில் கியர் மாற்ற ஒல்லிதான் வேண்டும், தடிச் செயின் அங்கே ஏறாது. இடது பக்கத்தில் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. தடியன் தாராளமாக ஓடுவான்.

ஒன்றே ஒன்று, நீளம். பெட்டியில் வரும் புதுச் செயின் ஒரு சாதாரணச் சைக்கிளுக்கு. இதற்குக் கிட்டத்தட்ட ஒன்றரை வேண்டும். புதுச் செயின் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தார். ஆணிச் செயின்களை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பக்கவாட்டில் வளைத்துப் பார்த்தார். தேய்ந்தது அதிகமாக வளையும். வளையாததாக ஒன்றைத் தெரிந்தெடுத்துப் பாதி வெட்டினார். வெட்டுவதற்கு அந்த அழகான கருவியைக் கேட்கவில்லை. ஒரு பெரிய நட்டின் மேல் கண்ணியை வைத்து, முனை மழுக்கிய ஆணியை ரிவெட்டின் தலையில் நிறுத்தி, இரண்டு தட்டு. ரிவெட் நட்டின் ஓட்டைக்குள் இறங்கியது.

இரண்டு செயினையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டபோது புதியது சுண்டுவிரல் அகலம் கட்டையாகத் தெரிந்தது. வெள்ளைக்காரர் அதைக் காட்டினார். பாஸ் தலையாட்டிவிட்டு இரண்டு இரண்டாகத் தொட்டு எண்ணினார். பழையதிலும் புதியதிலும் கண்ணி ஒரே எண்ணிக்கை. பழையது ஓடி ஓடி நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். எண்ணிக்கையைத்தான் நம்ப வேண்டும், நீளத்தை அல்ல. இதை அவர் வாயால் சொல்லவில்லை. இரண்டாவது தடவை எண்ணும்போது வெள்ளைக்காரரின் விரலைப் பிடித்துக் கண்ணி மேல் வைத்துக்கொண்டே போனார்.

ஒரு ஒட்டை ரிவெட் அடித்தார். மற்றதுக்குக் கிளிப். கிளிப்பை மாட்டும் முன் கொஞ்சம் தயங்கினார். மூடிய பக்கம் செயின் ஓடும் திசையில் முன்னே போக வேண்டும், இல்லாவிட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும். வலது பக்கத்தில் இது அவர் கைக்குத் தெரியும். இடது பக்கத்தில் கை குழம்பியது. பெடலை ஒரு சுற்றுச் சுற்றி, செயின் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகு குறட்டால் கிளிப்பைத் தள்ளினார். சொடக்குச் சத்தம் கேட்டது.

அவர் கையைத் துடைத்தார், வெள்ளைக்காரர் கும்பிட்டார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அம்மையார் மட்டும் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு இல்லை என்றார். முன் பெடல் கீழே நிற்கும்போது பின் பெடல் இன்னும் கீழே வந்து சேரவில்லை. நாலைந்து பல் தள்ளி மாட்டிவிட்டது. வேண்டுமென்றே இப்படித் தள்ளி மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டாம், ஒருவர் கால் ஓயும் இடத்தில் மற்றவர் கால் பிடிக்கும் என்று. இந்த அம்மையாருக்கு அது வேண்டாம். மறுபடி செயினை இறக்கி, இரண்டு பெடலையும் செங்குத்தாக நிறுத்தி, பல்லுப் பல்லாக ஏற்றினார்கள். இப்போது பின்னால் இருந்தவர்தான் சொல்லிக் கொடுத்தார். செயினை இறுக்க, முன் பெடலின் அச்சு உருளையைத் திருப்ப வேண்டும், மையம் தள்ளித் துளைத்த உருளை. பாஸ் அதைத் திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது.

அதற்குள் பையன் டயரை அமுக்கிப் பார்த்து, இது எந்த நாட்டு றப்பர் என்று கேட்டான். அவர்களுக்குத் தெரியவில்லை. கடைக்கு எதிரேயே மரங்கள் நின்றன, வெட்டுக்கோட்டின் அடியில் சிரட்டையில் ஒட்டுப்பால் காய்ந்துகொண்டிருந்தது. பிரேசில் றப்பர் நாற்று ஹேனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்தது 1876இல். டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்று டயர் போட்டது 1880களின் பிற்பாதியில். சைக்கிள் பைத்தியமும் அதற்குப் பின்னால் மோட்டார் காரும் வந்திராவிட்டால் இந்த மலையடிவாரத்தில் றப்பர் ஏது, அந்த இரண்டு பெண்களின் பாட்டன்மார் கடல் தாண்டி வந்து பால் வெட்டியிருப்பது ஏது? இதையும் யாரும் மொழிபெயர்க்கவில்லை. நான் பேச வரவில்லை, டவுன் பஸ்ஸுக்குத்தான் வந்தேன்.

கூலி கேட்டபோது புதுச் செயினின் விலை, பழையதுக்குப் பாதி, வேலைக்கு ஒரு சின்னத் தொகை. பையனுக்கு அந்தத் தொகை பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. வெள்ளைக்காரர் கூட்டிக் கொடுத்ததைப் பாஸ் பார்த்துவிட்டு, அதில் இரண்டு சாயத்தண்ணிக்கும் பணிஸுக்கும் எடுத்து அந்தப் பக்கம் கொடுத்தார், மீதியைத் திருப்பினார். பொத்துவில் போகும் லகுகலைக் காட்டு ரோட்டில் யானை நிற்கும், சாயங்காலத்துக்கு முன் தாண்டிவிட வேண்டும், முடியாவிட்டால் சியம்பலாண்டுவையில் தங்கச் சொல்லு என்றார். பையன் சொன்னான். இரண்டு பேரும் ஏறினார்கள். நாலு பெடலும் ஒன்றாகச் சுற்ற, நீளச் சைக்கிள் டவுன் பக்கம் இறங்கியது.

"செயின் புதுசும் பழசும். ஓட ஓடத் தொய்யும். பொத்துவில் போறதுக்குள்ள ஒருக்கா அந்த உருளைய இறுக்கணும்னு சொன்னியாடா?"

பையன் விழித்தான்.

"ஓடு!"

அவன் கைக்குக் கிடைத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு இறக்கத்தில் பறந்தான். அது தேத்தண்ணிக் கடைக்காரருடையது. டியூபின் சொந்தக்காரர் மூன்றாவது கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். பாஸ் டியூபில் காற்றடிக்கத் தொடங்கினார்.