முதல் எண் யாருடையது?

காலை ஆறு மணிக்கு நேரலை என்பதால் இரவு ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடுவேன். கைப்பேசியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத்தான் தூங்குவேன். வானொலிக்கு வந்த நாளிலிருந்து இதுதான் பழக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை. நிகழ்ச்சி முடிந்து பத்து மணிக்குக் கைப்பேசியை எடுத்தால், கிள்ளானில் அம்மாவின் பக்கத்து வீட்டு அங்கிள் மலாயில் அனுப்பிய குரல் செய்தி காத்திருந்தது. நேற்றிரவு பின் கதவை யாரோ நெம்பியிருக்கிறார்கள், அலாரம் அடித்தது, ஓடிவிட்டார்கள், அம்மா நலமாக இருக்கிறார், பயப்படாதே என்றார்.

பயப்படாமல் எப்படி இருப்பது? கூட்டரசு நெடுஞ்சாலையில் எப்படி வண்டி ஓட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. போய்ச் சேர்ந்தபோது அம்மா சமையலறையில் சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தார். பின் கிரில் கதவு வளைந்து நின்றது.

"ஏம்மா எனக்குப் போன் பண்ணல?"

"மூணு மணிக்கு உன்னை எழுப்பி என்னா செய்ய? நாலு மணிக்கு நீ வேலைக்கு எழுந்திரிக்கணும்."

கையில் டார்ச் லைட்டும் சப்பாத்திக் கட்டையும் வைத்துக்கொண்டு, அறைக் கதவைத் தாழிட்டு, விடியும் வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தாராம். எழுபத்து மூன்று வயது.

இத்தனைக்கும் அது பாதுகாப்பே இல்லாத வீடு அல்ல. அப்பா இருந்தபோதே அலாரம் பொருத்தியிருந்தார். மாடிப்படிக்குக் கீழே வெள்ளைப் பெட்டி, வாசலருகே எண்களை அழுத்தும் பலகை, கதவுகளில் காந்த சென்சார், முன் சுவரில் சைரன். பிறகு நான்கு கேமராக்களையும் ஒரு பதிவுப் பெட்டியையும் வாங்கி மாட்டினார். அப்பா இறந்த பிறகு, ஜொகூரில் வேலை செய்யும் தம்பி இணையத்தில் மலிவு விற்பனையில் ஒரு வைஃபை கேமரா வாங்கிப் பின்சந்தைப் பார்க்கும்படி வைத்தான். போன தீபாவளிக்கு என் கணவர் கேட்டில் பேட்டரியில் ஓடும் கேமரா அழைப்பு மணியைப் பொருத்தினார். நான்கு நிறுவனங்கள், என் கைப்பேசியில் மூன்று செயலிகள். அம்மாவைத் தனியாக விட்டிருக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சி வரும்போதெல்லாம் அவற்றில் ஒன்றைத் திறந்து பார்த்துச் சமாதானமாகிவிடுவேன்.

அன்றிரவு என்ன நடந்தது என்று பிறகு கோத்துப் பார்த்தோம். பின் கதவு திறந்ததும் சென்சார் பெட்டிக்குச் சொன்னது. பெட்டி சைரனை அடித்தது. பின்சந்துக் கேமரா எனக்கும் தம்பிக்கும் அறிவிப்பு அனுப்பியது. ஆனால் அந்தச் செயலியின் அறிவிப்புகளை நாங்கள் இருவருமே எப்போதோ நிறுத்திவிட்டிருந்தோம். சந்துப் பூனைகள் ஒவ்வொரு இரவும் இருபது முறை நடமாடினால் யார்தான் பொறுப்பார்கள்? அப்பாவின் பதிவுப் பெட்டி எல்லாவற்றையும் ஒழுங்காகப் பதிவு செய்தது; பார்க்கத்தான் ஆள் இல்லை. கேட்டில் இருந்த கேமரா வெறிச்சோடிய தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கருவியும் தன் வேலையைச் செய்தது. ஒன்று கண்டதை மற்றொன்றுக்குச் சொல்லவில்லை.

எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் ஒரு நிறுவனம், மிக்சர் இன்னொரு நிறுவனம், ஹெட்போன் வேறொன்று. ஆனாலும் கம்பியைச் செருகியதும் குரல் போகிறது. மூன்று முனை கொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்பு எல்லோருக்கும் பொது. 1983-இல் மிடி என்ற பொது முறை வந்ததால்தான் ஒரு நிறுவனத்தின் கீபோர்டு இன்னொரு நிறுவனத்தின் இசைக்கருவியை இயக்க முடிந்தது என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். வீட்டுக் கருவிகளுக்கு மட்டும் அப்படி ஒரு பொது மொழி கிடையாதா?

இருக்கிறது என்று சொன்னவர், லிட்டில் இந்தியா பக்கம் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு வயரிங் அண்ணன். தெரிந்தவர் ஒருவர் சொல்லி அனுப்ப, சனிக்கிழமை காலை ஏணியோடு வந்தார். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே நிறுவனத்தின் கருவிகளாக வாங்கிவிடலாம் என்று நான் சொன்னதும் சிரித்தார்.

"அவ்வளவு காசு என்னாத்துக்கு தங்கச்சி? முதல்ல எதெது பேசும்னு பார்ப்போம்."

கேமராக்களின் பொது மொழிக்கு ஆன்விஃப் என்று பெயர். ஆக்சிஸ், போஷ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 2008-இல் தொடங்கிய அமைப்பு அது. ஒரு நிறுவனத்தின் கேமராவை இன்னொரு நிறுவனத்தின் பதிவுப் பெட்டி கண்டுபிடிக்கவும், படத்தைக் கேட்டு வாங்கவும் அது வழி செய்கிறது. அதிலும் பிரிவுகள் உண்டு. நேரலைப் படத்துக்கு எஸ் பிரிவு, எச்.265 முறையில் சுருக்கிய படத்துக்கும் அசைவு அறிவிப்புகளுக்கும் டி பிரிவு. பதிவுகளைத் தேடி எடுக்க ஜி பிரிவு. பெட்டியின் மேல் வெறுமனே ஆன்விஃப் என்று போட்டிருந்தால் போதாது, எந்தப் பிரிவு என்று கேட்டு வாங்க வேண்டும் என்றார்.

அப்பாவின் பதிவுப் பெட்டியில் கம்பி வழி கேமராக்களோடு, இணையவழிக் கேமரா இரண்டைச் சேர்க்கவும் இடம் இருந்தது. தம்பி வாங்கிய கேமராவில் ஆன்விஃப் வசதி இருந்தும் யாரும் அதைத் திறந்துவிடவில்லை. செயலியின் உள்ளே போய், கேமராவுக்கென்று தனியாக ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்க வேண்டியிருந்தது. உருவாக்கினோம். பதிவுப் பெட்டி கேமராவைக் கண்டுபிடித்தது. ஆனால் உள்ளே விட மறுத்தது. கடவுச்சொல் தவறு என்றே மீண்டும் மீண்டும் சொன்னது. நான்கு முறை தட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அண்ணன் திரையின் மூலையைக் காட்டினார். "மணியைப் பாரு."

பதிவுப் பெட்டியின் கடிகாரம் நாற்பத்தேழு நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ் புகாருக்குக் காட்சியை எடுத்தபோது நேரம் இடித்ததே, அதற்கும் இதுதான் காரணம். பழைய செய்தியைத் திருடி யாரும் மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பதற்காக, கடவுச்சொல்லோடு நேரத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கருவிகள் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. இரண்டின் கடிகாரமும் பெரிதாக விலகியிருந்தால் சரியான கடவுச்சொல்லும் செல்லாது. விநாடி பிசகினால் விளம்பரம் செய்தியோடு மோதும் தொழிலில் இருக்கும் எனக்கு, இது வெட்கமாகத்தான் இருந்தது. இணையத்திலிருந்து தானாக நேரம் எடுத்துக்கொள்ளும்படி இரண்டையும் மாற்றினோம். பின்சந்து திரையில் வந்தது. நடுவில் ஒரு பூனை.

கேட்டில் இருந்த அழைப்பு மணி மட்டும் கடைசி வரை சேரவில்லை. பேட்டரியைச் சேமிக்க அது பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டே இருக்கும். ஓயாமல் படம் கொடுக்க அதனால் முடியாது. சொந்தச் செயலியைத் தவிர யாரோடும் அது பேசாது. இருக்கட்டும், தபால்காரரைப் பார்க்க உதவும் என்று விட்டுவிட்டோம்.

அடுத்தது அலாரம். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. அலாரம் அடிக்கும்போது உயிர்பெறும் ஒரு முனை வெள்ளைப் பெட்டியில் சும்மா கிடந்தது. பதிவுப் பெட்டியின் பின்புறம் "அலாரம் இன்" என்று எழுதிய முனைகளும் சும்மா கிடந்தன. அண்ணன் நடுவில் ஒரு சின்ன ரிலேவை வைத்து, இரண்டையும் இரட்டைக் கம்பியால் இணைத்தார். ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், அவ்வளவுதான். அலாரத்தின் மின்சாரம் பதிவுப் பெட்டிக்குள் போகாது. "அடித்தது" என்ற சேதி மட்டும் போகும். எந்த நிறுவனம் எந்த நிறுவனத்தோடு பேசும் என்ற கேள்வியே இதில் இல்லை.

கதவு சென்சாருக்குக் கண் கிடையாது. ஆனால் கதவு திறந்தால் மட்டும்தான் பேசும். கேமராவுக்குக் கண் உண்டு; ஆனால் பூனையும் மழையும் கார் விளக்கும் அதற்கு ஒன்றுதான். இப்போது கேமராவின் அசைவு அறிவிப்பை அடியோடு நிறுத்திவிட்டோம். கதவு திறந்து அலாரம் அடித்தால் மட்டும் பதிவுப் பெட்டி எங்கள் கைப்பேசிக்கு அறிவிப்பும் படமும் அனுப்பும். இரவுக்கு இருபது என்றிருந்தது, இப்போது மாதத்துக்கு ஒன்றுகூட இல்லை. அதனால்தான் வந்தால் பார்ப்போம்.

இதற்கிடையில் தம்பி காணொளி அழைப்பில் வந்து, ஹோம் அசிஸ்டன்ட் போடலாமே என்றான். பல நிறுவனக் கருவிகளை ஒரே திரையில் சேர்க்கும் இலவச மென்பொருள் அது. சின்னக் கணினி ஒன்று இருந்தால் வீட்டுக்குள்ளேயே ஓடும். நல்ல யோசனைதான். அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "அது நின்னு போனா, அம்மா திருப்பி ஓட வைப்பாங்களா?" தம்பி பேசவில்லை. மேட்டர் என்ற புதிய பொதுத் தரத்தைப் பற்றி நானும் படித்திருந்தேன். அதன் முதல் பதிப்பு 2022-இல் வந்தபோது விளக்கு, பூட்டு, சென்சார் எல்லாம் இருந்தன; கேமரா இல்லை. புது வீட்டுக்குப் புதிதாக வாங்குபவர்கள் அதை விசாரிப்பது நல்லது. ஏற்கெனவே சுவரில் இருப்பதற்கு ரிலேதான் கைகொடுத்தது.

போகிற போக்கில் பதிவுப் பெட்டியின் கடவுச்சொல்லையும் மாற்றச் சொன்னார். அப்பா வாங்கிய நாளில் இருந்ததே இன்னும் இருந்தது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், கடையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகம் முழுவதும் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையத்தளங்களை முடக்கியது. காவலுக்கு வைத்ததே திருடனுக்கு வேலை செய்த கதை.

கடைசியாக அலாரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த பேட்டரி உப்பிப் போயிருந்தது. மின்சாரம் தடைபட்டிருந்தால் அன்றிரவு சைரன்கூட அடித்திருக்காது. அதை மாற்றிவிட்டு, எண்பலகையில் ஏதோ குறியீட்டைத் தட்டினார்.

"அம்மா, இது வீட்டுப் போன் லைன்ல அலாரம் அடிச்சதும் ஆளுங்களைக் கூப்பிடுற மாதிரி போட்டிருக்கு. முதல் எண் யாருடையது?"

எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஐந்தாவது எண்ணிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பாவின் எண். அந்தக் கைப்பேசி மேல் அறை அலமாரியில், அவருடைய மூக்குக் கண்ணாடியோடும் வேட்டிகளோடும் இரண்டு ஆண்டுகளாக அணைந்து கிடக்கிறது. அன்றிரவு மூன்று மணிக்கு, அம்மா சப்பாத்திக் கட்டையோடு உட்கார்ந்திருந்தபோது, இந்த வீடு அப்பாவைத்தான் உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறது. இரண்டாவது எண் தம்பியின் பழைய எண். மூன்றாவது காலி.

எத்தனையோ முறை செயலிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். அலாரம் யாரைக் கூப்பிடும் என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

"முதல்ல என் நம்பரைப் போடுங்கண்ணே," என்றேன்.

"வேணாம்," என்றார் அம்மா. "இவ போனை ஊமையாக்கிட்டுத் தூங்குவா. பக்கத்து வீட்டு அங்கிள் நம்பரைப் போடு. அவர்தான் முழிச்சுக்குவார்."

அங்கிளிடம் கேட்டோம். இதற்கெல்லாம் கேட்க வேண்டுமா என்று கோபித்துக்கொண்டார். முதலில் அவர், இரண்டாவது நான், மூன்றாவது தம்பி. அம்மாவின் எண்ணையும் அங்கிளின் எண்ணையும் மட்டும், சத்தமில்லாத நேரத்திலும் மணி அடிக்கும்படி என் கைப்பேசியில் மாற்றிவைத்தேன். இரண்டு நிமிட வேலை. அன்று பேட்டரி, ரிலே, கம்பி, கூலி எல்லாம் சேர்த்து 320 வெள்ளி ஆனது.

"பழைய நம்பரைக் கடைசி இடத்துல வச்சிடவா அம்மா?" என்று அண்ணன் தயங்கிக் கேட்டார்.

அம்மா கொஞ்ச நேரம் அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார். "அழிச்சிடு தம்பி. எத்தனை நாளைக்கு அவரையே கூப்பிடுறது."

இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சோதனை. அம்மா பின் கதவைத் திறப்பார். சைரன் அடிக்கும். என் கைப்பேசியில் அம்மாவின் படம் வரும். பெரும்பாலும் கையில் தேநீர்க் குவளையோடு. சுவருக்கு அந்தப் பக்கம் அங்கிளின் தொலைபேசி மணி கேட்கும். அவர் எடுக்க மாட்டார், சுவரோரம் வந்து, "ஓகே!" என்று கத்துவார். அம்மா எண்ணைத் தட்டிச் சைரனை நிறுத்திவிட்டு, அவருக்கும் ஒரு குவளைத் தேநீரைச் சுவர் வழியாக நீட்டுவார்.