உயர்ந்த கட்டடமும் இரண்டு நிமிடப் பேச்சும்

என் தங்கை மகள் செவிலியர் பட்டம் பெற்றவள். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் உள்ள ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்தவாறே இங்கிலாந்து செல்ல முயன்று வருகிறாள். அந்நாட்டுச் செவிலியர் மன்றத்தில் பெயர் பதிய வேண்டுமானால் ஆங்கிலத் திறனுக்குச் சான்று காட்ட வேண்டும். அதற்கான வழிகளுள் ஒன்று ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு. உச்சம் ஒன்பது என்றிருக்கும் அத்தேர்வில் கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் ஏழும், எழுதுதலில் ஆறரையும் கேட்கிறார்கள். ஒரு முறை எழுதுவதற்கான கட்டணமோ பதினைந்தாயிரம் ரூபாய்க்கும் மேல். அடகு வைத்தால் வட்டியில் போய் விழ வேண்டுமே என்று அஞ்சி, தங்கை தன் வளையல் ஒரு ஜோடியை விற்றே அந்தப் பணத்தைக் கட்டினாள்.

நான் அம்பத்தூரில் மதரஸா ஒன்றில் ஓதிக்கொடுப்பவன். கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன் என்பதால் எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் அறிந்த பெரிய மனிதன் என்று எனக்கொரு பெயருண்டு. ஆகவே பேச்சுத் தேர்வுக்கு அவளைப் பழக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது பொய். நானே ஆசையோடு எடுத்துக்கொண்டேன்.

பேச்சுத் தேர்வு மொத்தம் பதினோரு நிமிடம் முதல் பதினான்கு நிமிடம் வரை நடக்கும். அதன் நடுப்பகுதியில் ஓர் அட்டையைக் கையில் தருவார்கள். அதில் ஒரு பொருளும், அதனையொட்டி மூன்று நான்கு வினாக்களும் இருக்கும். சிந்தித்துக் குறிப்பெடுக்க ஒரு நிமிடம். அதன்பின் இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேச வேண்டும். "உங்கள் நகரில் உங்களுக்குப் பிடித்த, அல்லது பிடிக்காத உயர்ந்த கட்டடம் ஒன்றைப் பற்றிக் கூறுக" என்பது அடிக்கடி வரும் பொருள்களுள் ஒன்றென்று மருமகள் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். நான் விடுவேனா?

அண்ணா சாலையில் நிற்கும் எல்.ஐ.சி. கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தேன். எம்.சிதம்பரம் செட்டியார் தம் காப்பீட்டு நிறுவனத்திற்காகத் தொடங்கிய கட்டடம் அது. 1954-இல் சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மாண்டுபோனார். 1956-இல் ஆயுள் காப்பீடு அரசுடைமையானபோது கட்டடமும் அரசு வசம் வந்தது. 1959-இல் திறக்கப்பட்ட அந்தப் பதினான்கு மாடி, 177 அடி உயரத்தோடு அன்று இந்தியாவிலேயே உயரமானதாய் இருந்தது. 1975-இல் தீப்பிடித்தும் நிலைத்து நின்றது. இவற்றையெல்லாம் கோத்து நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அத்தோடு நின்றிருந்தால் பழுதில்லை. டாக்காவில் 1929-இல் பிறந்து, சிகாகோவில் 110 மாடிக் கட்டடத்திற்கு எலும்புக்கூடு அமைத்துத் தந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் அவர்களையும் சேர்த்தேன். ஜித்தா விமான நிலையத்தில் ஹாஜிகள் இளைப்பாறும் அந்தக் கூடாரக் கூரையை உருவாக்கியவர்களுள் ஒருவர் அவர். 1982-இல் ஜித்தாவிலேயே வஃபாத்தானவர். அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. கட்டடங்களின் நன்மை தீமை பற்றிக் கேட்டால் சொல்வதற்கென்று, ஜிப்ரீல் (அலை) மனித உருவில் வந்து வினவிய வரலாற்றையும் எழுதி வைத்தேன். செருப்பற்ற ஏழை இடையர்கள் போட்டியிட்டு உயரமாகக் கட்டத் தொடங்குவதை மறுமையின் அடையாளங்களுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரைத்தது நாம் அறிந்ததுதானே! எல்லாமாக மூன்று பக்கம். அவள் இரவுப் பணியின் இடையிலும் அதை மனனம் செய்தாள்.

தேர்வன்று அட்டையைத் திருப்பினால், அதே பொருள்! மகிழ்ச்சியில் ஒரு நிமிடக் குறிப்பே வேண்டாமென்று இருந்துவிட்டாளாம். ஆண்டும் அடியும் மாடியுமாக நாற்பது நொடியில் ஒப்பித்து முடித்தாள். பிறகு ஒரு சொல்லும் வரவில்லை. தேர்வாளர் காத்திருந்துவிட்டு, "அதன் உள்ளே போயிருக்கிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை." "அதைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோன்றும்?" இதற்கு என் மூன்று பக்கத்தில் விடையில்லை. அடுத்த பகுதியில் நபிமொழியைச் சொல்லத் தொடங்கி, 'செருப்பற்ற' என்பதற்கு நான் எழுதிக்கொடுத்த சொல் மறந்துபோய் நடுவில் நின்றுவிட்டாள். பேச்சில் ஆறு, எழுத்திலும் ஆறு என்று முடிவு வந்தது.

"மாமா, நான் அந்தக் கட்டடத்தை பஸ்ஸிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். நின்று நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை" என்றாள். அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பிறகுதான் விசாரித்தேன். தேர்வாளர் நம் அறிவை அளப்பதில்லை. தடையின்றித் தொடர்ந்து பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்னும் நான்கையே அளக்கிறார். கட்டடம் 177 அடியா 170 அடியா என்பது அவருக்கு ஒன்றுமில்லை. ஒப்பித்தால் மட்டும் உடனே கண்டுகொள்வார். பிள்ளைகள் பொருள் விளங்காமல் ஒப்பித்தால் நானும் கண்டுகொள்கிறேனே, இவளிடம் அது ஏன் எனக்குப் படவில்லை?

ஒரு நாள் மஃரிப் தொழுதுவிட்டு மாடியில் அமர்ந்திருந்தபோது தமிழிலேயே கேட்டேன்: "நீ மெய்யாகவே பார்த்த உயரமான கட்டடம் எது?"

"மௌலிவாக்கம்" என்றாள்.

2014 ஜூன் 28, சனிக்கிழமை. ரமலான் பிறையை எதிர்நோக்கியிருந்த நாட்கள். மழை பெய்த அந்த மாலையில் போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் அப்படியே அமர்ந்துபோயிற்று. 61 பேர் மாண்டனர். 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளிகள் அவர்களுள் பலர். அப்போது தங்கை குடும்பம் மாங்காட்டில் வசித்தது. மருமகளுக்குப் பதினோரு வயது. அவளுடைய அத்தா, மர்ஹூம் என் மச்சான், சென்ட்ரிங் மேஸ்திரி. அந்த வேலையில் அவர் இல்லை. ஆனால் அங்கிருந்த சிலரோடு தேநீர்க் கடையில் அமர்ந்து பேசியவர். மீட்புப் பணி நடந்த நாட்களில் தினமும் போய் நின்றுவிட்டு வருவாராம். நோன்பு தொடங்கிய பின்பு, இஃப்தாருக்குப் பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டு எழுந்துவிடுவாராம். இவையெல்லாம் எனக்குத் தெரியாது. அம்பத்தூருக்கும் மாங்காட்டுக்கும் அப்படியென்ன தொலைவு?

அருகில் எஞ்சி நின்ற மற்றொரு பதினொரு மாடியை 2016 நவம்பர் 2 அன்று இருட்டிய பின் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதையும் அத்தாவோடு தூரத்து மாடியொன்றில் நின்று பார்த்திருக்கிறாள். சில நொடிகளில் புழுதியாயிற்று. சுற்றிலும் நின்றவர்கள் கைதட்டினார்கள், அத்தா தட்டவில்லை. "இதைக் கட்டினவனும் கூலிதான் வாங்கினான்" என்று மட்டும் சொன்னாராம்.

"மாமா, அந்த ஹதீஸில் போட்டி போடுகிறவர்கள் கட்டடத்தின் சொந்தக்காரர்கள்தானே? சுமந்தவர்கள் இல்லையே?" என்று கேட்டாள். ஆமென்றேன். இருபது ஆண்டுகளாக அந்த ஹதீஸை நடத்துகிறேன். எந்த மாணவனும் கேட்டதில்லை.

அதையே ஆங்கிலத்தில் சொல் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அமர்ந்தேன். பிழைகள் இருந்தன. இறந்தகாலம் இரண்டு இடத்தில் நிகழ்காலமாயிற்று. ஆனால் நிற்கவில்லை. இரண்டு நிமிடம் கடந்ததை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

இரண்டாம் முறைக்கான கட்டணத்தை நானே கட்டினேன். எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. அம்முறை அட்டையில் கட்டடம் வரவில்லை. குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடம் கற்றுக்கொண்டதைப் பற்றிக் கேட்டிருந்தது. சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்க அத்தா கற்றுக்கொடுத்ததைச் சொன்னாளாம். தூக்குக்குண்டுக்கு ஆங்கிலச் சொல் தெரியாததால், நூலில் கட்டித் தொங்கவிடும் இரும்புக் குண்டு என்று விரலால் காட்டியே விளக்கினாளாம். எனக்கும் அந்தச் சொல் தெரியாது; பிறகு அகராதியில்தான் பார்த்தேன்.

பேச்சில் ஏழு வந்தது, அல்ஹம்துலில்லாஹ். எழுத்தில் மறுபடியும் ஆறுதான், அரை குறைகிறது. இன்னும் ஒரு முறை எழுத வேண்டும். இதற்குத் தன் சம்பளத்திலிருந்தே சேர்க்கிறாள். எழுத்துக்கு நான் கற்றுத்தரட்டுமா என்று கேட்டேன். "மூன்று பக்கம் எழுதிக் கொடுக்காமல் இருப்பதானால் வாருங்கள், மாமா" என்றாள்.