இரண்டு கஜம் குறைவு

பொருள்களைச் சேர்த்து வைப்போரைக் கண்டு உலகம் சிரிப்பது வழக்கம். தபால் தலை சேர்ப்பவனையாவது, "பொது அறிவு வளர்கிறது" என்று சொல்லி மன்னித்துவிடுவார்கள். கிரிக்கெட் வீரர்களின் படம் அச்சிட்ட சிறிய அட்டைகளை, தலை நரைக்கத் தொடங்கிய பின்னும் பெட்டியில் அடுக்கிக் காத்துவரும் எம் போன்றோருக்கு அந்த மன்னிப்பும் கிடையாது. எமது வீட்டில் அந்தத் தகரப் பெட்டிக்குக் "காக்காவின் சீதனம்" என்றே பெயர்.

அந்தச் சீதனத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை இரவு பாலமுனையிலிருந்து கொழும்புக்குப் பஸ் வண்டி ஏறினோம். மறுநாள் தலைநகரில் சேகரிப்பாளர்கள் கூடும் சந்தை ஒன்று நடைபெறவிருந்தது. விற்கப் போனோமா, வாங்கப் போனோமா என்று கேட்டால் அன்று எமக்கே விடை தெரியாது. ஆனால் திரும்பி வரும்போது, ஏறக்குறைய முப்பது ஆண்டுப் பழைய கடன் ஒன்றைத் தீர்த்தாக வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தோம். அந்தக் கடனைப் பற்றியதே இக்கட்டுரை.

விடியற்காலையில் புறக்கோட்டையில் இறங்கி, சுபஹுத் தொழுகையை முடித்து, ஒரு வெறுந்தேநீரும் அருந்தியபின் சந்தை நடக்கும் மண்டபத்தை அடைந்தோம். உள்ளே நீண்ட மேசைகள். ஒன்றில் தபால் தலைகள். ஒன்றில் பழைய நாணயங்கள். மற்றொன்றில் தீப்பெட்டிப் படங்கள். கிழவர்கள் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பதித்தபடி குனிந்திருந்தனர். அமெரிக்காவில் விளையாட்டு அட்டைகளுக்கென்றே தேசிய மாநாடு கூட்டுகிறார்கள்; முதலாவது மாநாடு 1980இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கூடியது. எமது சந்தையிலோ அட்டைக்காரர்களுக்குக் கிடைத்தவை வாயிலோரத்து மூன்று மேசைகள்தாம். ஆயினும் என்ன? ஒரே பைத்தியம் பிடித்த நாலு பேர் ஒரு மேசையைச் சூழ்ந்துவிட்டால் அதுவே ஒரு மாநாடு அல்லவா?

இந்த அட்டைகள் பிறந்த இடம் விளையாட்டுத் திடலன்று, சிகரெட் கடை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெல்லிய காகிதப் பெட்டிக்குள் சிகரெட் நசுங்காமலிருக்க ஒரு துண்டு அட்டையைச் செருகி வைத்தார்கள். வெறும் அட்டையை வைப்பதிலும் பார்க்க, அதில் வரிசையாகப் படங்களை அச்சிட்டால், வரிசையை முடிப்பதற்காகவே மக்கள் மறுபடியும் வாங்குவார்கள் என்று வியாபார மூளை கணக்கிட்டது. இங்கிலாந்தின் வில்ஸ் கம்பனி 1896இல் ஐம்பது கிரிக்கெட் வீரர்களின் படங்களை இவ்வாறு வெளியிட்டது. காலப்போக்கில் சிகரெட்டின் இடத்தைச் சூயிங்கம் பிடித்துக்கொண்டது.

அட்டையின் விலை எப்படி ஏறுகிறது என்பது ஒரு விசித்திரம். 1909 முதல் 1911 வரை அமெரிக்காவில் வெளிவந்த அட்டைகளுள் ஹோனஸ் வாக்னர் என்னும் பேஸ்போல் வீரரின் படம் மிகச் சிலவே அச்சாயின. அவற்றுள் ஒன்று 2022இல் எழுபத்திரண்டரை இலட்சம் டொலருக்குக் கைமாறியது. அதே ஆண்டில், 1952ஆம் ஆண்டு டொப்ஸ் கம்பனி வெளியிட்ட மிக்கி மான்டில் என்பவரின் அட்டை ஒன்று 126 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்த 1952ஆம் ஆண்டு அட்டைகளில் விற்காமல் தேங்கியவற்றை 1960இல் படகிலேற்றி அத்திலாந்திக் சமுத்திரத்தில் கொட்டிவிட்டதாக அக்கம்பனியின் சை பேர்கர் என்பவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். ஒரு நாள் குப்பை. மற்றொரு நாள் மாணிக்கம். இடையில் மாறியது அட்டையன்று. அதைப் பற்றிய மனிதனின் அறிவே.

அந்த அறிவு இருவருள் ஒருவனிடம் மட்டும் இருந்துவிட்டால் என்ன நடக்கும்? இதற்கு விடை காண நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. பாலமுனைக்குத் திரும்பினால் போதும்.

1996ஆம் ஆண்டு, மார்ச் 17ஆந் திகதி. லாகூரில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. யுத்தம் நடந்துகொண்டிருந்த அக்காலத்தில், தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகளின் முற்றமெல்லாம் ஊர் மக்களால் நிறைந்திருந்தது. அவுஸ்திரேலியா எடுத்த 241 ஓட்டங்களை இலங்கை ஏழு விக்கெட்டுகளால் கடந்தது. அரவிந்த டி சில்வா பந்து வீசி மூன்று விக்கெட்டுகளைச் சாய்த்து, பின் துடுப்பெடுத்து ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் குவித்தார். மறுநாள் முதல் எமது ஊர்ச் சிறுவர் எவருக்கும் கால் தரையில் பாவவில்லை. தென்னை மட்டை துடுப்பாயிற்று. கடற்கரை மணல் லாகூர் மைதானமாயிற்று.

அப்போதுதான் சில்லறைக் கடைகளில் கிரிக்கெட் அட்டைகளுக்குக் கிராக்கி ஏற்பட்டது. நாம் அவற்றை வைத்து ஒரு விளையாட்டும் ஆடுவோம். வட்டமாக அமர்ந்து ஆளுக்கொரு அட்டையைப் போட வேண்டும். அதில் அச்சிட்ட ஓட்ட எண்ணிக்கை எவனுடையது அதிகமோ அவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வான். கையில் நான்கு அட்டையாவது இல்லாதவனை வட்டத்தில் அமர விடுவதில்லை. இவ்விதியை வகுத்த பெரிய மனிதர்களுள் நாமும் ஒருவர். அப்போது எமக்கு வயது பன்னிரண்டு.

அடுத்த வளவில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவனது உம்மா பாய் இழைத்துக் குடும்பத்தைக் கொண்டு நடத்தியவர். எப்படியோ சேர்த்த காசில் அவன் ஒரே ஓர் அட்டை வாங்கினான். அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்: ஊரில் எவனுக்கும் கிடைக்காத அரவிந்த டி சில்வா அவனுக்குக் கிடைத்துவிட்டார்! நாம் அவனை வேலியோரம் அழைத்துச் சென்று, நமது கையில் இரட்டையாய்க் கிடந்த, எவரும் வேண்டாத நான்கு அட்டைகளை விரித்துக் காட்டினோம். "தம்பி, ஒன்று பெரிதா, நான்கு பெரிதா?" என்று கேட்டோம். அவன் சிறிது நேரம் எமது முகத்தையே பார்த்தான். பிறகு அட்டையை நீட்டினான். அந்த அட்டைதான் எமது பெட்டியின் முதல் உறையில் இன்றுவரை இருந்தது.

கொழும்புச் சந்தையில் அதை ஒரு வியாபாரியிடம் காட்டினோம். அவர் அட்டையைத் தொடாமல் ஓரங்களைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். இத்தொழிலில் நான்கு பரீட்சைகள் உண்டு: மூலைகள் கூராக இருக்கின்றனவா, விளிம்புகள் தேயாதனவா, படம் நடுவே அமைந்திருக்கிறதா, மேற்பரப்பில் கீறல் உண்டா என்பன. மேல்நாடுகளில் ஒன்று முதல் பத்துவரை புள்ளியிட்டுக் கண்ணாடி போன்ற உறையில் முத்திரையிட்டுக் கொடுக்கும் நிலையங்களும் உள்ளன. நமது வியாபாரி உதட்டைப் பிதுக்கி ஒரு தொகை சொன்னார். அது எமது போக வரப் பஸ் செலவுக்கும் போதாது! இத்தனை ஆண்டு மனத்தை உறுத்திய பொருளின் சந்தை விலை இவ்வளவுதானா என்று சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

லுஹர் தொழுகைக்குப் பின், பள்ளிச் சிறுவன் ஒருவன் எமது மேசையருகே வந்து நின்றான். மாமாவின் பழைய அலுமாரியில் கிடைத்ததென்று ஒரு காகித உறையை அவிழ்த்தான். உள்ளே பழுப்பேறிய சிகரெட் அட்டைகள் ஐந்தாறு. அவற்றிடையே, பச்சைத் தொப்பியணிந்த டொன் பிரட்மன்! 1938இல் ஜோன் பிளேயர் கம்பனி வெளியிட்ட ஐம்பது வீரர் வரிசையைச் சேர்ந்தது. மூலைகள் முனை மழுங்காமல் இருந்தன. எமது நெஞ்சு படபடத்தது.

"அங்கிள், இந்தக் கிழட்டு அட்டை எனக்கு வேண்டாம். இதைத் தந்தால் அந்தப் பளபளக்கும் அட்டைகளில் நான்கு தருவீர்களா?"

நான்கு! அந்த எண்ணை அவன் எங்கிருந்து கொண்டுவந்தானோ! கடையில் வாங்கும் நான்கு புதிய அட்டைகளைக் காட்டிலும் அந்தப் பிரட்மன் பன்மடங்கு பெறுமதியுள்ளவர். கேட்டவன் அவன், வற்புறுத்தியது நாமல்ல, விருப்பத்தோடு செய்யும் கொடுக்கல் வாங்கலில் குற்றமென்ன என்று ஒரு குரல் உள்ளே வாதாடியது. உண்மையைச் சொல்கிறோம்: நான்கு புதிய அட்டைகளை எமது விரல்கள் எண்ணியும் விட்டன. அப்போது சிறுவன் எமது முகத்தைப் பார்த்தான். அட்டையை அல்ல, முகத்தை. வேலியோரத்தில் ஒருவன் பார்த்தானே, அதே பார்வை. விலை தெரியாதவன் பொருளைப் பார்ப்பதில்லை. எதிரே நிற்பவனை நம்பலாமா என்றே பார்க்கிறான்.

விரல்கள் மடங்கின. "தம்பி, வாப்பாவைக் கூப்பிடு" என்றோம். தந்தை வந்ததும் இருவருக்கும் அட்டையின் கதையைச் சொன்னோம். 1948ஆம் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி, இங்கிலாந்து செல்லும் வழியில் பிரட்மனின் அணி கொழும்பு ஓவல் மைதானத்தில் ஆடியது. பந்து வீசியவர்களுக்கு ஏதோ ஐயம் பிறந்து ஆடுகளத்தை அளந்து பார்த்தபோது, இருபத்திரண்டு கஜம் இருக்க வேண்டிய இடத்தில் இருபது கஜந்தான் இருந்ததாம்! சிறுவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இரண்டு கஜத்தைத் திருடிவிட்டார்களா?" என்று கேட்டான். "திருடவில்லை, தம்பி. தவறி அளந்துவிட்டார்கள். தெரிந்துகொண்டே குறைத்து அளந்தால்தான் திருட்டு" என்றோம். சொன்ன வாய் எமக்கே கசந்தது. தந்தை நன்றி கூறி அட்டையை மீண்டும் உறையிலிட்டார். பிரட்மன் எமது பெட்டிக்கு வரவில்லை.

இரவு பஸ்ஸில் உறக்கமும் வரவில்லை. அளவையில் மோசம் செய்வோரை எச்சரிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் தனி அத்தியாயம் உண்டு. அதைச் சிறுவயதிலேயே ஓதியவர் நாம். தராசும் மரைக்காலும் வைத்திருக்கும் வியாபாரிக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிட்டோம் போலும். அமெரிக்காவில் ஜெபர்சன் பேர்டிக் என்றொரு சேகரிப்பாளர் இருந்தார். மூட்டுவாதத்தால் அவதியுற்ற தொழிலாளி. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுப் படங்களையும் சேர்த்து, நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலைக்கு நன்கொடையாக அளித்தார். ஆண்டுக்கணக்காக அங்கே அமர்ந்து தம் கையாலேயே ஆல்பங்களில் ஒட்டினார். வேலையை 1963 ஜனவரியில் முடித்தார், மார்ச்சில் காலமானார். சேகரிப்பவனின் பெருமை பெட்டி நிறைவதில் இல்லை, கை சுத்தமாக இருப்பதிலேதான் என்று அவரை நினைக்கையில் தோன்றியது.

ஊர் வந்ததும் அன்று மாலையே அந்தப் பழைய சிறுவனைத் தேடிப் போனோம். இன்று அவன் பிள்ளைகளின் தகப்பன். கட்டாரில் சில காலம் உழைத்துவிட்டு வந்து, பிரதான வீதியில் சிறு கடை வைத்திருக்கிறான். அரவிந்த டி சில்வாவை மேசைமீது வைத்து, வேலியோரக் கதையை முழுவதும் ஒப்புக்கொண்டோம். "விலை தெரியாத உன்னை ஏமாற்றிவிட்டோம், தம்பி. இதை எடுத்துக்கொண்டு எம்மைப் பொறுத்துக்கொள்" என்றோம்.

அவன் அட்டையைக் கையிலெடுத்துப் பார்த்தான். பிறகு மெல்லச் சிரித்தான்.

"காக்கா, அதின் மதிப்பு எனக்கு அப்பவே தெரியும். ஆனா நாலு அட்டை இல்லாட்டி நீங்க என்ன விளையாட்டுல சேர்க்க மாட்டீங்களே? ஒரு அரவிந்தவ வச்சிக்கிட்டு எத்தனை நாளைக்கு வேலிக்கு வெளியே நிக்கிறது?"

எமக்குப் பேச்செழவில்லை. ஓர் அட்டையை மட்டும் குறைத்து அளந்தோம் என்றல்லவா எண்ணி வந்தோம்! அதைவிடப் பெரிய குறைவு ஒன்றை எமது கணக்கு காணவேயில்லை.

கடையின் பின்புறத்திலிருந்து அவனது மகன் எட்டிப் பார்த்தான். தகப்பன் அட்டையை மகனிடம் கொடுத்தான். நாம் தகரப் பெட்டியைத் திறந்து, அட்டைகளைத் தரையில் பரப்பி, எண்ணாமல் அள்ளி அப்பிள்ளையின் முன் வைத்தோம். பின் மூவரும் வட்டமாக அமர்ந்தோம். மஃரிப் பாங்கொலி கேட்கும்வரை ஆட்டம் நடந்தது. தோற்றவர் நாமே.