மண் அட்டையும் சர்க்கரை நோட்டும்

ஒரகடம் பக்கம் கம்பெனிகளுக்கு நடுவே இன்னும் ஏரித் தண்ணீரில் நெல் நடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஷிப்டுக்குப் போய்விடுவதால் வயலில் நிற்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். பலருக்குச் சர்க்கரை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதை விழுங்கவிடாமல் செய்வது கைபேசி!

போன மாதம் ஒரு விவசாயி, உழவன் செயலியில் விதை இருப்புப் பார்க்கச் சொல்லி கைபேசியை நீட்டினார். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்து நின்றது. ஆவாரம்பூ கஷாயம் குடித்தால் மாத்திரையே வேண்டாமாம். “பதினைஞ்சு நாளா நிறுத்திட்டேன் சார். உடம்பு லேசாத்தான் இருக்கு” என்றார்.

சர்க்கரை 250-ஐத் தாண்டினாலும் பலருக்கு உடம்பு லேசாகத்தான் இருக்கும். சேற்றில் இறங்கும் கால் மரத்துப்போனால், நத்தை ஓடு கிழித்தது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். புண் ஆறாது.

மண் பரிசோதனை அட்டையில் கார அமிலநிலை 8.5-ஐத் தாண்டினால் ஜிப்சம் என்று சட்டெனச் சொல்பவர் அவர். சர்க்கரை நோட்டைப் பிரித்ததே இல்லை. வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-க்குள் என்பது பொதுவான இலக்கு. வயதைப் பார்த்து டாக்டர் மாற்றுவார். 70-க்குக் கீழே போனால் உடனே சர்க்கரைத் தண்ணீர்.

மாத்திரை நேரத்துக்கு அதே கைபேசியில் அலாரம் வைத்துக் கொடுத்தேன். சந்தேகம் கேட்க 104-ஐயும் பதிந்தேன். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது 286. மாத்திரையைத் திரும்பத் தொடங்கிவிட்டார். அந்தச் செய்தியை மட்டும் அழிக்கவில்லை.

“சம்பந்தி அனுப்பினது சார், எப்படி அழிக்கிறது?”