பொறி புகட்டிய பாடம்

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பர். அதன் பொருளை நாம் கற்றது ஓர் உருக்குத் துண்டிடம்.

யாழ்ப்பாணத்தில் உள்ள நமது சிறு பட்டறையில், தேங்காய் துருவும் திருவலைக்கு அலகு வெட்டும் உருக்கு அச்சொன்று உண்டு. தந்தையார் விட்டுச் சென்ற சொத்து அதுவே. ஒருநாள் அதன் ஓரம் ஆணித் துளையோடு பிளந்தது. மின்னால் உருக்கி ஒட்டிப் பிளவை மூடினோம். துளையும் உடன் மூடுண்டது. மறுநாளே அவ்விடத்திற் துளையிட முற்பட்டோம். துறப்பண அலகு கீச்சிட்டு மழுங்கியது. வேறோர் அலகு பூட்டினோம். அதுவோ முறிந்து உள்ளேயே சிக்கிக்கொண்டது. சினந்து சுத்தியலை ஓங்கினோம். மூத்த தொழிலாளர் நமது கையைப் பற்றினார்.

"தம்பி, உருக்கோடை மல்லுக்கட்டாதை. அச்சும் போயிடும்."

காரணம் பின்னரே விளங்கிற்று. ஒட்டும்போது பழுக்கும் இடத்தின் வெப்பத்தைச் சுற்றியுள்ள குளிர்ந்த உருக்கு விரைந்து உறிஞ்சிவிடுகிறது. காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த கத்தி போல அவ்விடம் மிகக் கடினமாகி, எளிதில் நொறுங்கும் தன்மையும் பெறுகிறது. ஒட்டுமுன் அச்சைச் சூடேற்றி, ஒட்டியபின் மெல்ல ஆறவிட்டு, மீண்டும் அளவாய்க் காய்ச்சியிருந்தால் இத்துணை இடர் நேர்ந்திராது.

அச்சைக் கொழும்பிலுள்ள பட்டறையொன்றுக்குக் கொண்டு சென்றோம். அங்கே அச்சை எண்ணெயில் மூழ்கவைத்தனர். செப்புக் கோலொன்று அதனைத் தொடாமல், மயிரிழை இடைவெளியில் நின்றது. இடையே வினாடிக்கு ஆயிரக்கணக்கான மின்பொறிகள்! ஒவ்வொன்றும் தினையினும் சிறிய துணுக்கை உருக்க, எண்ணெய் அதனை அள்ளிச் சென்றது. முறிந்த அலகும் கரைந்தது, துளையும் பிறந்தது. மின்சாரம் பாயும் உலோகமாயின், பொறிக்குக் கடினமென்றும் மென்மையென்றும் பேதமில்லை. துளையின் சுவரில் உருகி உறைந்த படலத்தில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுமாதலால், அதனைத் தேய்த்து நீக்கியே தந்தனர்.

இம்முறையைக் கண்டவர் சோவியத் நாட்டு லசரெங்கோ தம்பதியர். மின்தொடுமுனைகளைப் பொறி அரிப்பதைத் தடுக்க ஆராய்ந்த அவர்கள், அத்தீங்கையே 1943ஆம் ஆண்டில் கருவியாக்கினர்.

இன்று அச்சு முன்போல் அலகு வெட்டுகிறது. துளையிட்டது பொறிதான். ஆயினும், மாணவ நண்பர்களே, அது வரும்வரை அச்சைக் காத்தது நமது கையைப் பற்றிய அம்முதியவரின் கையே.