விதானத்து வடு

வீடு கட்டுங் காலத்தில் மாந்தர் காட்டும் ஊக்கம், கட்டிய வீட்டைச் செப்பனிடுங் காலத்தில் காணப்படுவதில்லை. புதிதாய் எழும் மண்டபத்துக்குத் திறப்பு விழா உண்டு. ஒழுக்கு அடைத்த கூரைக்கு விழா எடுப்பார் ஒருவருமிலர். ஆயினும் செப்பனிடுதலும் ஒரு கல்வியே என்பதை, இலண்டன் மாநகரில் எமக்கு வாய்த்த அனுபவம் ஒன்று உணர்த்திற்று. கல்லூரி அன்னையின் யூபிலி மலரில் அதனை எடுத்துரைத்தல் பொருந்துமென எண்ணுகின்றோம்.

நாம் வாழும் வீடு 1970களில் எழுந்தது. அக்காலத்து இங்கிலாந்து வீடுகள் பலவற்றின் விதானம், எமது ஊர்ப் பலகைச் சீலிங் போன்று மட்டமானதன்று. ஜிப்சம் பலகையின்மேல் தடித்த சாந்து பூசி, அது காயுமுன் சீப்புப் போன்ற கருவியாற் சுழித்து, சிப்பிகளை அடுக்கினாற்போலக் கோலஞ் செய்திருப்பர். பலகைப் பொருத்துக்களின் குறையை மறைத்தற்கு இஃதோர் எளிய உபாயம்.

நாம் அவ்வீட்டை வாங்குமுன்னரே மேல்மாடிக் குளியலறைக் குழாயொன்று கசிந்திருந்தது. குழாய் திருத்தப்பட்டது, வடு மட்டும் தங்கிவிட்டது. கீழறை விதானத்தில் தேநீர் நிறத்தில் ஒரு வளையம். அதன் நடுவே, ஏறக்குறைய இரண்டடி சதுரத்திற் பலகை தொய்ந்து சாந்து பொருமி நின்றது. அவ்வறையையே எமது பேரனுக்குப் படுக்கையறையாக்க விரும்பினோம்.

வேலைக்கு வந்த ஒருவர், எல்லாவற்றையும் ஒரே நாளிற் சுரண்டி எடுத்துவிடலாம் என்றார். கேட்ட கூலியும் குறைவே. சாந்தில் என்ன கலந்துள்ளது என வினவினோம். அவர் அறியார். பெயர்ச்சீட்டில்லாத போத்தலைத் திறக்கலாகாதெனக் கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்தில் ஆசிரியர் கற்பித்த பாடம் எமது நினைவுக்கு வந்தது. வேலையை நிறுத்திவைத்தோம்.

1980களின் நடுப்பகுதிவரை இவ்வகைச் சாந்துகளில் வெண்கல்நார், அஃதாவது வெள்ளை அஸ்பெஸ்ரஸ், கலப்பது வழக்கமாயிருந்தது. பிரித்தானியாவில் நீலக் கல்நாரும் பழுப்புக் கல்நாரும் 1985இலும், வெண்கல்நார் 1999இலும் தடைசெய்யப்பட்டன. உலர்ந்த சாந்தைச் சுரண்டினால் நுண்ணிழைகள் காற்றிற் கலந்து நுரையீரலை அடையும். அவை விளைக்கும் புற்றுநோய் இருபது, நாற்பது ஆண்டுகள் கழிந்தே வெளிப்படுதல் உண்டு. இன்று செய்த வேலைக்கு, இன்று உறங்கும் குழந்தை நடுவயதில் விலை கொடுக்க நேரிடலாம்.

பயிற்சி பெற்ற ஒருவர் விதானத்தை நீரால் நனைத்துச் சிறு துண்டொன்றை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். வெண்கல்நார் உண்டென அறிக்கை வந்தது. அப்படியாயின் தொடாமலே விட்டுவிடலாமே என்றாள் எம் மனையாள். அவள் கூற்றில் உண்மை இருந்தது. சிதையாத சாந்து தன்பாட்டில் இருக்கும்வரை தீங்கு செய்வதில்லை. ஆனாற் பொருமிய பகுதி தானாகவே உதிரத் தொடங்கியிருந்தது. ஆதலின், பழுதுற்ற துண்டை மட்டும் அகற்றுவதென்றும், ஏனையதைக் கலைக்காது பூச்சினால் மூடுவதென்றும் துணிந்தோம். கூலி முன்னையதினும் பன்மடங்காயிற்று.

அறையை மெழுகுத்தாளால் மறைத்து, முகக்கவசமும் காப்புடையும் அணிந்தோர், பலகையை நனைத்தபடியே மரச்சட்டம்வரை அறுத்தெடுத்து, இரட்டைப் பையிற் கட்டி, அதற்கென ஒதுக்கிய இடத்துக்குக் கொண்டு சென்றனர். மரச்சட்டத்தின் ஈரத்தை மானியால் அளந்து, முற்றும் உலர்ந்ததென அறிந்த பின்னரே புதுப்பலகை பொருத்தினர்.

எஞ்சியது வளையம். நீர் தான் கரைத்த நிறப்பொருள்களை ஓரத்துக்குக் கொண்டு சென்று, அங்கே உலர்கையில் விட்டுச் செல்வதனாலேயே இவ்வளையம் தோன்றுகின்றது. நீரிற் கரையும் வர்ணத்தை அதன்மேற் பூசினால், கறை மீண்டுங் கரைந்து மேலெழும். ஆதலின் சாராயத்திற் கரைத்த அரக்குப் பூச்சினை முதலிற் பூசினர். எமது முன்னோர் மரவேலைக்கு மெருகிட்ட அதே அரக்கு, இலண்டன் விதானத்துக்கும் உதவியது கண்டு மகிழ்ந்தோம்.

இறுதியிற் கல்நார் கலவாத புதுச்சாந்து பூசி, கோலத்தைத் தொடுத்தனர். கைவினைஞர் முதலில் ஓர் அட்டையிற் பலமுறை பழகி, பழைய சுழியின் அளவு கைக்கு வந்த பின்னரே மேலேறினார். பின் விதானம் முழுவதற்கும் ஒரே வர்ணம் தீட்டப்பட்டது. மாலை வெயில் சாய்ந்து விழும்போது உற்று நோக்குவார்க்கு ஒட்டு இன்றும் சற்றே புலப்படும். அதனை நாம் குறையெனக் கொள்வதில்லை.

இலங்கையிலும் அஸ்பெஸ்ரஸ் சீற் வேய்ந்த கூரைகள் பலவுள. சீமெந்தோடு இறுகிய அத்தகடு, அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதுமே பெரிதும் தூசியை எழுப்பும். பழங்கூரை மாற்றுவோர் அதனை நனைத்து, உடையாமற் கழற்றுவித்தல் வேண்டும். வீட்டுக்காரர் பிள்ளையின் நெஞ்சைப் போன்றதே, கூலிக்கு ஏணியில் ஏறுபவரின் நெஞ்சும். குறைந்த கூலிக்கு உடன்பட்டிருப்பின் முதலிற் கெடுவது அவரது சுவாசமேயாகும்.

கல்லூரியில் இன்று பயிலும் இளைஞருட் சிலர் பொறியியலாளராவர். சிலர் மேசன்மாருக்கு வேலை கொடுப்போராவர். சுரண்டுமுன் வினவுக, மூடுமுன் உலர்த்துக, தம் வேலைக்கு வந்தவர் நலத்தையுந் தம் நலமாகக் கருதுக. கல்லூரி அன்னை நீடு வாழ்க!