கனத்தையில் ஒரு மரணமும் காப்புறுதிப் பேச்சும்



2022 டிசம்பர் 15. பொரளை கனத்தை மயானத்தில் நின்றிருந்த காருக்குள் தினேஷ் ஷாப்டர் கைகள் கட்டப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டார். கழுத்திலும் வயர். கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டு போயும் உயிர் மீளவில்லை. ஜனசக்தி குழுமத்தின் பணிப்பாளர்களில் ஒருவர் அவர். ஜனசக்தியை ஆரம்பித்தவர் அவருடைய தந்தை, முன்னாள் கிரிக்கெட் வீரர் சந்திரா ஷாப்டர்.

குடும்பமே காப்புறுதிக் குடும்பம். அதனால்தானோ என்னவோ, மையித்து அடங்க முன்னரே "காப்புறுதி" என்ற சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது. கொலையா, தற்கொலையா என்று மருத்துவ அபிப்பிராயங்கள் முரண்பட்டன. சயனைட் கதையும் வந்தது. உடனே தேநீர்க் கடையிலும் வட்ஸ்அப்பிலும் தீர்ப்பு எழுதியாயிற்று: "பணத்துக்காகத் தானே செய்து, கொலை மாதிரிக் காட்டியிருக்கிறார்."

நீதிமன்றம் அவசரப்படவில்லை. 2023 மே மாதம் உடல் தோண்டி எடுக்கப்பட்டது. ஐந்து நிபுணர்கள் கொண்ட குழு ஆராய்ந்தது. 2023 நவம்பர் 1இல், கழுத்திலும் முகத்திலும் கொடுக்கப்பட்ட அழுத்தத்தால் நேர்ந்த மரணம், இது மனிதக் கொலை என்று கொழும்பு மேலதிக நீதவான் அறிவித்தார். கிட்டத்தட்ட பத்தரை மாதம். தேநீர்க் கடைக்குப் பத்தரை நிமிடமே போதுமாக இருந்தது.

உயர்தர வகுப்பில் வணிகக் கல்வி படிப்பிக்கும் நம்மிடம் பிள்ளைகள் கேட்டார்கள்: "சேர், இப்படிச் செத்தால் காப்புறுதிக் காசு கிடைக்குமா?" நல்ல கேள்வி. பதிலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று. தற்கொலை என்றால் காசே இல்லை என்பது பாதி உண்மை. காப்புறுதி எடுத்த ஆரம்பக் காலத்துக்குள், பெரும்பாலும் முதல் வருடத்துக்குள், தற்கொலை நடந்தால் கொடுப்பனவு இல்லை என்பது பொதுவான நிபந்தனை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பத்திரத்தின் திகதியையும் நிபந்தனைகளையும். அதைப் பார்க்காமல் நோக்கத்தைப் பற்றிப் பேசுவது வெறும் ஊகம்.

இரண்டு. ஒருவர் கொலை செய்யப்பட்டார் என்பதற்காக மட்டும் ஆயுள் காப்புறுதி செல்லாமல் போவதில்லை. ஆனால் மரணத்தின் காரணம் சர்ச்சையில் இருந்தால், மரண விசாரணை முடியும்வரை கம்பனி காத்திருக்கும். அந்தக் காத்திருப்பைச் சுமப்பது மனைவி பிள்ளைகள்.

மூன்று. யாருடைய உயிரையும் யாரும் காப்புறுதி செய்துவிட முடியாது. அவர் உயிரோடு இருப்பதில் நமக்கு உண்மையான அக்கறை இருக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் முன்பின் தெரியாதவர்களின் உயிர் மீது பந்தயம் கட்டுவது போலக் காப்புறுதி எடுத்தார்கள். அதைத் தடுக்கவே 1774இல் சட்டம் வந்தது. அடுத்தவன் செத்தால் நமக்கு இலாபம் என்ற நிலையை எந்தச் சமூகமும் விட்டு வைக்கக் கூடாது என்பதே அதன் உயிர்.

நான்கு. பணத்துக்காகப் பின்னுரித்தாளியே கொன்றால்? நம் நாட்டின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில், இரத்தக் கறை படிந்த கை வாரிசுரிமை எடுக்காது என்பது பழைய விதி. நமது ஷரீஆவிலும், கொன்றவன் கொல்லப்பட்டவருக்கு வாரிசாக மாட்டான். தவறுதலாக நடந்த கொலை பற்றி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. வேண்டுமென்று கொன்றவனுக்குப் பங்கில்லை என்பதில் இல்லை. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வாழும் நாம் இதை அறிந்திருப்பது நல்லது.

இவ்வளவு பூட்டுகளும் எதற்கு? மனிதனின் பேராசை சட்டத்துக்குத் தெரியும். ஆனால் அதே சட்டம், ஆதாரம் வரும்வரை யாரையும் பேராசைக்காரன் என்று சொல்லாது. சந்தேகப்படுவது புலனாய்வாளரின் வேலை, அதற்காகத்தான் அவருக்குச் சம்பளம். அந்த வேலையை நாம் சம்பளமில்லாமல், சாட்சியமும் இல்லாமல் செய்யும்போது அதற்குப் பெயர் வேறு. செய்தி கொண்டு வருபவனை விசாரித்துக் கொள்ளுங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத் படித்தவர்கள் நாம்.

இது கொழும்புப் பணக்காரர்களின் கதை மட்டுமல்ல. நமது ஊர்களில் ஒரு குடும்பத் தலைவர் திடீரென்று மௌத்தானால், கத்தம் ஓதி முடிய முன்னரே "எவ்வளவு வருமாம்?" என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. இத்தா இருக்கும் பெண்ணின் காதில் அது விழாமலா இருக்கும்? தகப்பனை இழந்த பிள்ளை அடுத்த வாரம் அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டுதான் வகுப்பறைக்கு வருகிறது. கனத்தையில் கண்டெடுக்கப்பட்டவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தந்தையைப் பற்றிய அந்தப் பத்தரை மாதப் பேச்சை அவர்களிடமிருந்து எந்தத் தீர்ப்பு திருப்பி எடுக்கும்?

கணக்குக் கேட்பதென்றால் ஒழுங்காகக் கேட்போம். கொன்றது யார், நீதி எப்போது என்று கேட்போம். நம் வீட்டுக் காப்புறுதிப் பத்திரம் எங்கே இருக்கிறது, அதில் யாருடைய பெயர் இருக்கிறது, கடன் எவ்வளவு என்பதை இன்றைக்கே வீட்டில் சொல்லி, வஸிய்யத்தையும் எழுதி வைப்போம். நமக்குப் பின்னால் இருப்பவர்கள் ஊரின் கேள்விகளுக்கு நடுவே தேடித் திரிய வேண்டியிருக்காது.

அல்லாஹ் நமது நாவுகளைப் பாதுகாப்பானாக. அநியாயமாக உயிரிழந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் நீதியையும் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.